கையெழுத்துப் போடும் கைகள்

திருப்பதியில் ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் பங்குதாரர்கள் ஒரு லட்சம் பேருக்கும் மேல். அத்தனை பேரும் பெண்கள். மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவர்கள். ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் கம்பெனி என்று பெயர். தேசியப் பால்வள வாரியத்தின் துணை நிறுவனம் கைகொடுக்க, 2014-ல் தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2024 அக்டோபரில், பாரிஸில் நடந்த உலகப் பால்வள மாநாட்டில் சர்வதேசப் பால்வளக் கூட்டமைப்பின் விருது இந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது.

விருதுச் செய்தி பத்திரிகைகளில் வந்து போய்விட்டது. அதைவிடப் பெரிய செய்தி அந்தக் கம்பெனியின் போர்டு ரூமில் இருக்கிறது. லாபத்தில் எவ்வளவைப் பங்கிடலாம், எவ்வளவைச் சேமிப்பில் வைக்கலாம் என்று அங்கே கணக்குப் பார்த்து ஒப்புதல் தரும் இயக்குநர்கள், கிராமத்தில் மாடு வைத்திருக்கும் பெண்கள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் படித்து வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்விம்ஸ் மருத்துவமனையின் வார்டுகளில், வெங்கடேசுவரா பல்கலைக்கழக வகுப்பறைகளில், வங்கிக் கவுன்டர்களில், அரசுப் பள்ளிகளில், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் எங்கு பார்த்தாலும் பெண்கள். காட்பாடியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பஸ் ஏறி சித்தூருக்கு வந்துபோகிறவர்கள் உண்டு. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் வீட்டில் தமிழும் ஆபீஸில் தெலுங்குமாக இரண்டிலும் வெளுத்து வாங்குகிறவர்கள் உண்டு. பட்டம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. ஆனால், தான் வேலை பார்க்கும் இடத்தில் எதற்கு எவ்வளவு செலவு, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முடிவாகும் கூட்டத்தில் இவர்களில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு பால்காரம்மாவுக்குத் தன் கம்பெனியில் இருக்கும் அதிகாரம், முதுகலை முடித்த பலருக்குத் தங்கள் ஆபீஸில் இல்லை. இது ஏன் என்று பார்த்தால்தான், பெண்களின் தலைமைத் திறனை வளர்ப்பது என்று நாம் வாய் நிறையச் சொல்வது எதை என்பது விளங்கும்.

சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள்

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடியும் முன்பே பால் சென்டர் களைகட்டிவிடும். தூக்குவாளியும் சிறு கேனுமாகப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். பாலை அளந்து, கொஞ்சம் சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்ததும் எண்கள் வரும்: எத்தனை லிட்டர், ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை. கையில் சீட்டு வரும். அதை மடித்து முந்தானையில் முடிவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்காத பெண் அநேகமாக இருக்க மாட்டார். நேற்றைக்கு ஃபேட் நாலரை, இன்றைக்கு ஏன் நாலு? தீவனம் மாறியதா, கன்று கூடுதலாக ஊட்டிவிட்டதா? மனசுக்குள் பதில் கிடைக்காவிட்டால், கேள்வி மெஷின் பக்கம் திரும்பும். இன்னொரு தடவை வைத்துப் பார் என்பார். வைத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படிக் கேட்க அந்தப் பெண்ணுக்கு யாரும் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. தன் எண் அவருக்குத் தெரியும். எண் குறைந்தால் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் பணம் குறையும் என்பதும் தெரியும். பேசும் துணிவு அந்த இடத்தில் பிறக்கிறது.

சித்தூர் மாவட்டம் பாலுக்குப் பேர்போனது. இங்கிருந்த கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ல் மூடப்பட்டது. கறக்கிறவருக்கும் விலை சொல்கிறவருக்கும் நடுவே தூரம் எவ்வளவு என்பதை அந்தக் காலம் மாடு வைத்திருந்த குடும்பங்களுக்குக் காட்டியது. அதே 2002-ல்தான், ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனி என்ற தனி வகை சேர்க்கப்பட்டது. அதன் விதிகளை நான் படித்தபோது, தலைமைப் பயிற்சி பற்றிய எந்தப் புத்தகமும் சொல்லாததை அவை சொல்வதாகத் தோன்றியது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. வெளியிலிருந்து நிபுணர்களை இயக்குநராகச் சேர்க்கலாம். ஆனால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அந்த நிபுணர்களுக்குக் கிடையாது. படித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லலாம். முடிவை எடுப்பவர் பால் ஊற்றுகிறவர்.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு. குறைந்தது ஒரு பெண் இயக்குநர் வேண்டும் என்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொன்னதும், பல முதலாளிகள் தங்கள் மனைவியையோ மகளையோ போர்டில் உட்காரவைத்துக் கணக்கை நேர் செய்தார்கள். குடும்பத்தோடு சம்பந்தமில்லாத பெண் ஒருவராவது வேண்டும் என்று பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அடுத்து விதி போட வேண்டியதாயிற்று. பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். நாற்காலியைக் கொடுப்பதும் அதிகாரத்தைக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாராயக் கடையை மூடிய கைகள்

ஸ்ரீஜா வானத்திலிருந்து குதிக்கவில்லை. இந்த மண்ணில் பெண்கள் கூட்டம் கூடிப் பழகி நெடுங்காலமாகிறது. பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பெண்கள், 1992-ல் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அவர்களின் பாடப் புத்தகத்திலேயே அப்படியொரு பெண்ணின் கதை இருந்தது. போராட்டத்தில் முன்னின்ற ரோசம்மாவின் பெயர் ஆந்திரம் முழுக்கத் தெரிந்தது. போராட்டம் சித்தூர், கர்னூல் என்று பரவியது. சாராய ஏலம் நடக்கும் இடங்களில் பெண்கள் திரண்டு நின்றார்கள். 1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. மதுவிலக்கு நிலைக்கவில்லை, இரண்டே வருடத்தில் தளர்ந்துவிட்டது. நிலைத்தது வேறொன்று.

சாராயத்துக்குப் போகாமல் மிச்சமான காசை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நெல்லூரில் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்று சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. பொதுபு லட்சுமி என்று அதற்குப் பெயர். டுவாக்ரா சங்கங்கள் ஊர் ஊராக முளைத்தன. இன்றைக்கும் சித்தூர் பக்கத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் டுவாக்ரா என்றுதான் சொல்வார்கள், சுய உதவிக் குழு என்று சொல்ல மாட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குக் கடன், ஏன் அவருக்கு, ஏன் எனக்கு இல்லை என்று பேசிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சங்கத்துக்கு மேல் ஊர் அமைப்பு, அதற்கு மேல் மண்டல சமாக்யா (கூட்டமைப்பு), அதற்கும் மேல் மாவட்ட சமாக்யா. ஒவ்வொரு படியிலும் தேர்தல், கணக்கு, கூச்சல், சமாதானம். பதினைந்து பேர் முன்னால் ஒரு கடன் விண்ணப்பத்தை மறுத்துப் பேசி, மறுநாள் அதே பெண்ணோடு குழாயடியில் முகம் கொடுத்துப் பேசவும் தெரிந்தவருக்கு நிர்வாகக் கல்லூரி புதிதாக எதைக் கற்றுக்கொடுக்க முடியும்?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்ற சட்டத்திருத்தம் ஆந்திரத்தில் 1985-லிருந்தே செல்லும். தமிழ்நாட்டில் 1989, நாடு முழுவதற்கும் 2005. நிலம் பெயரில் இருக்கும் பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் என்ன கனம் என்பது எந்தக் குடும்பத்திலும் தெரிந்த விஷயம்.

எல்லா நாற்காலியிலும் பெண்கள்

என்.டி. ராமராவ் முதலமைச்சரான 1983-லேயே திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி மகிளா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நம் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு அது ஒரு வருடம் மூத்தது. 2014-ல் ஸ்விம்ஸோடு இணைந்து பெண்களுக்கென்றே பத்மாவதி மருத்துவக் கல்லூரியும் வந்தது. இந்த எல்லைக்கு இது புதிய யோசனை அல்ல. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூரில், 1918-லேயே ஐடா ஸ்கடர் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளியைத் திறந்துவிட்டார். அங்கே எம்.பி.பி.எஸ்ஸுக்கு ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான்.

பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி தேவையா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. பாதுகாப்பு, பெற்றோர் சம்மதம் என்று காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அங்கே மாணவர் பேரவைத் தலைவரும் பெண், பொருளாளரும் பெண், லேப் சாவி வைத்திருப்பவரும் பெண், மேடையில் ஸ்பீக்கர் கட்டுகிறவரும் பெண். துணைவேந்தர் நாற்காலியில் ஒரு பெண் அமர்வது அங்கே செய்தியே அல்ல. 'இதெல்லாம் பசங்க பாத்துப்பாங்க' என்று தள்ளிவிட அங்கே பசங்களே கிடையாது. ஸ்ரீஜாவின் போர்டு ரூமிலும் நடப்பது இதுதான்.

சிக்கல் பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு தொடங்குகிறது.

மினிட்ஸ் யார் எழுதுகிறார்கள்?

எந்த ஆபீஸ் கூட்டத்திலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் இரண்டு பெண்கள். தலைமை அதிகாரி பேச ஆரம்பிக்கும் முன் யாராவது ஒருவர், 'மேடம், நீங்க மினிட்ஸ் எழுதிக்கோங்க, உங்க கையெழுத்து நல்லா இருக்கும்' என்பார். மேடம் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறப்பார். அடுத்த ஒரு மணி நேரம் மற்றவர் பேச்சை எழுதுவதிலேயே போய்விடும். தன் பேச்சுக்கு இடமிருக்காது. ஆண்டு விழா என்றால் வரவேற்புக் கமிட்டி, விருந்தினர் வந்தால் பூங்கொத்து, ஓய்வு பெறுபவருக்கு நினைவுப் பரிசு வாங்கும் பொறுப்பு, மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி. எல்லாமே யாராவது செய்தாக வேண்டிய வேலைகள்தான். ஆனால், பதவி உயர்வுக் குறிப்பில் இவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது.

அமெரிக்காவில் லிண்டா பாப்காக் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். செய்கிறவருக்கு லாபமில்லை, ஆனால் குழுவில் யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் பெண்கள் முன்வருவது ஆண்களைவிட 48 சதவிகிதம் அதிகம். பெண்ணின் இயல்பே அது, சேவை மனம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ஆய்வின் அடுத்த பகுதி அதற்கு விடை சொல்கிறது. ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று தனித்தனிக் குழுக்களாகப் பிரித்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆக, இது பிறவிக் குணம் அல்ல. அவள் செய்வாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவளும் அதை அறிந்திருக்கிறாள்.

எண்ணிக்கையின் விஷயத்தைச் சமூகவியலாளர் ரோசபெத் கான்டர் 1977-லேயே எழுதிவிட்டார். பெரிய நிறுவனம் ஒன்றைக் கூர்ந்து பார்த்து அவர் சொன்னது இது: பத்தில் ஒருவராக, இருபதில் ஒருவராகப் பெண் இருக்கும்போது அவர் தனக்காக மட்டும் பேச முடிவதில்லை. அவர் தப்பு செய்தால் 'பெண்களே இப்படித்தான்' என்றாகிவிடும். சாதித்தால் அது விதிவிலக்காகிவிடும். அதனால் பலர் தலை தெரியாமல் இருந்துவிடுவதே நல்லது என்று ஒதுங்கிப்போகிறார்கள். இதைப் பார்த்து, 'பெண்களுக்குத் தலைமை ஆசை கிடையாது' என்று தீர்ப்பு எழுதுவது பெரிய அநியாயம்.

இரண்டே பெண்கள் இருக்கும் கூட்டத்திலும் வழி இருக்கிறது. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண் அதிகாரிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒரு பெண் நல்ல யோசனை சொன்னால் இன்னொரு பெண் அதைச் சொன்னவர் பெயரோடு திரும்பச் சொல்ல வேண்டும். யோசனை காற்றில் போகாது. பத்து நிமிடம் கழித்து வேறொருவர் அதைத் தன்னுடையதாகச் சொல்லவும் முடியாது. சித்தூர் கலெக்டர் ஆபீஸாக இருந்தாலும் திருப்பதி வங்கிக் கிளையாக இருந்தாலும், நாளைக்கே காசு செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. டுவாக்ரா சங்கப் பெண்கள் மண்டல ஆபீஸுக்குத் தனியாகப் போவதில்லை, மூன்று நான்கு பேராகப் போவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாள் பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து உட்காருங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், குரலை உயர்த்துங்கள் என்று கற்றுத்தருகிறார்கள். தப்பில்லை. ஆனால், குறை முழுக்கப் பெண்ணிடம் இருக்கிறது, அதைச் சரிசெய்தால் போதும் என்ற நினைப்பில்தான் அவை நடக்கின்றன. வகுப்பு முடிந்து அந்தப் பெண் அதே கூட்டத்துக்கு, அதே நோட்டோடு திரும்பிப் போகிறார். பயிற்சிக்குச் செலவு செய்யும் நிறுவனம், அடுத்த நாளே அவருக்கு ஒரு பட்ஜெட்டைக் கொடுத்து, அதற்குக் கணக்குக் கேட்கட்டும். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பதவி இல்லாத செல்வாக்கு

பதவி வந்தால்தான் செல்வாக்கா என்று கேட்டால், திருமலையில் பதில் இருக்கிறது. மலைக்குப் போன தமிழர்களில் அன்னப்பிரசாதம் சாப்பிடாமல் வந்தவர்கள் குறைவு. அந்த மாபெரும் கட்டடத்துக்கு மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா என்று பெயர். யார் அவர்? இன்றைக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு, பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தலையை மழிக்க மறுத்தவர். ஊரார் எதிர்ப்பைத் தாங்கி, திருமலைக்கு வந்து தங்கி, தெலுங்கில் நூல் நூலாக எழுதியவர். அவர் தொடங்கிய முத்தியால ஹாரத்தி இன்றும் பெருமாளுக்கு இரவு ஏகாந்த சேவையில் நடக்கிறது.

அவருக்கு எந்தப் பதவியும் இருந்ததில்லை. ஆனால், உலகின் பெரிய கோயில் ஒன்றின் தினசரி நடைமுறையில் தன் பங்கைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு பத்து நிமிடம் மாணவர்கள் செய்தித்தாள் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்த ஆசிரியை, ஒரு வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் படுக்கை அருகிலேயே விவரம் ஒப்படைக்கும் முறையைப் பழக்கிய நர்ஸ், இவர்கள் செய்வதும் அதே வேலைதான். நர்ஸ்களின் ஏணி பெரும்பாலான மருத்துவமனைகளில் நர்சிங் சூப்பிரண்டண்டோடு நின்றுவிடுகிறது. அது மாற வேண்டும். அதுவரை காத்திருக்காமல் நடைமுறையை மாற்றுகிறவர்களின் பெயர் எங்காவது எழுதப்படவும் வேண்டும். எழுதப்படாத உழைப்பு அடுத்த அதிகாரியின் சாதனையாகிவிடும்.

மைக் முன்னால் ஒரு சித்தூர்ப் பெண்

2023 ஆகஸ்ட் 23 மாலை. சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும், இஸ்ரோ மேடையில் மைக் பிடித்துப் பேசியவர்களில் ஒருவர் கல்பனா காளஹஸ்தி, திட்டத்தின் இணை இயக்குநர். சித்தூர் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர், பொறியியல் படித்தது சென்னையில். அந்த விண்கலம் புறப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. நிலவில் இறங்கிய அந்த நாளுக்குப் பத்து நாள் கழித்து அங்கிருந்தே கிளம்பிய ஆதித்யா எல்-1-க்குத் திட்ட இயக்குநர் நம் செங்கோட்டை நிகார் ஷாஜி.

அன்று டிவி பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகளுக்கு இது என்ன செய்திருக்கும்? வெறும் ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தின் 495 கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டஃப்ளோவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இரண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளில், மகளைப் பற்றிய பெற்றோரின் ஆசையும் மகளின் சொந்த ஆசையும் உயர்ந்திருந்தன. படிப்பில் பையன்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி மறைந்தது. வீட்டு வேலைக்குச் செலவாகும் நேரம்கூடப் பெண்பிள்ளைகளுக்குக் குறைந்தது. அந்த ஊர்களில் புதிதாக வேலைவாய்ப்பு எதுவும் வந்துவிடவில்லை. கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால், ஒரு முறை போதவில்லை, இரண்டாவது முறை தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளாட்சியில் சுழற்சி முறையில் இடஒதுக்கீடு மாறும்போது, ஐந்து வருடம் கற்றுத் தேறிய பெண் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இந்தப் பக்கத்திலும், 2021 மார்ச்சில் திருப்பதிக்கு மருத்துவர் சிரிஷாவும், சித்தூருக்கு அமுதாவும் மேயர்களானார்கள். கோயில் நகரமும் மாவட்டத் தலைநகரும் ஒரே நேரத்தில் பெண்கள் கையில்.

கொடுத்த விலை

சித்தூரில் மேயர் நாற்காலியைப் பற்றி எழுதும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. சித்தூர் மாநகராட்சியின் முதல் மேயர் கட்டாரி அனுராதா. 2015 நவம்பர் 17 அன்று மாநகராட்சி அலுவலகத்தில், தன் அறையிலேயே கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மோகனும் அதே தாக்குதலில் உயிரிழந்தார். கொலைகாரர்கள் பர்தா அணிந்து பெண்கள் போல உள்ளே நுழைந்திருந்தார்கள். குறை சொல்ல வரும் பெண்களுக்கு மேயரின் கதவு திறந்திருக்கும் என்பதையே அவர்கள் ஆயுதமாக்கிக்கொண்டார்கள். பெண்களைத் தலைமைக்கு வாருங்கள் என்று அழைக்கும் சமூகத்துக்கு, வந்தவரின் உயிரைக் காக்கும் கடமையும் உண்டு.

இதைவிடச் சிறியதாகத் தெரியும், ஆனால் தினமும் நடக்கும் அச்சுறுத்தல் அலுவலகங்களில் இருக்கிறது. அதற்காகத்தான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பும் 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாகவே இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். ஒரு பெண்ணே தலைமை வகிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் குழு அலுவலகத்தில் இது ஒன்றுதான். பல இடங்களில் அது நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நான்கு பெயர்களோடு நின்றுவிடுகிறது. அந்தக் குழுவில் இருக்கும் பெண்கள் சட்டத்தை வரிக்கு வரி படித்திருந்தால், இருதரப்பையும் கேட்டு, எழுதி, காரணம் சொல்லி முடிவெடுக்கும் பயிற்சி அவர்களுக்குத் தானாகவே வாய்த்துவிடும். மேலதிகாரியே எதிர்த்தரப்பில் நின்றாலும் நடுங்காமல் அறிக்கை எழுதிய பெண்ணுக்கு எந்த நிர்வாகப் பொறுப்பும் பெரிதாகத் தெரியாது.

இன்னொரு விலையும் உண்டு. சத்தியவேடு பக்கம் 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டிக்குப் போனால், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். எல்லையின் இருபுறமிருந்தும் வரும் இளம்பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை. அங்கே செல்போன் பாகங்களைப் பூட்டும் லைன்களில் பெரும்பாலும் பெண்களே. இருபது வயதில் வேலைக்கு வருகிறார்கள், கல்யாணம் வரை இருக்கிறார்கள், முதல் குழந்தையோடு பலரின் கணக்கு முடிந்துபோகிறது. லைன் லீடராக, சூப்பர்வைசராக, மேனேஜராக வளரும் முன்பே ஆள் போய்விட்டால் மேலே யார் இருப்பார்கள்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம், பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல காப்பகம் ஒன்று இருந்தால், பத்து வருட அனுபவமுள்ள பெண் ஊழியர் ஒருவர் மிஞ்சுவார். தலைமைப் பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது என் திடமான கருத்து.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸில் அடுத்து கமிட்டிகள் போடும்போது, வரவேற்புக் கமிட்டியில் உங்கள் பெயரை எழுத விடாதீர்கள். கொள்முதல் கமிட்டியைக் கேளுங்கள், பட்ஜெட் கமிட்டியைக் கேளுங்கள், ஆள் எடுக்கும் கமிட்டியைக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மேலதிகாரிகளாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று: அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் நோட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.